வார இறுதி ஆட்டத்தை ஒழுங்கு செய்தல்

திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையையும் தேர்வாய்கண்டிகைத் தொழிற்பேட்டையையும் சுற்றியுள்ள ஊர்களிலும், திருவள்ளூர் நகரை ஒட்டிய காக்களூர் சிட்கோ பகுதி ஊர்களிலும் ஞாயிறுதோறும் நடைபெறும் கிரிக்கெட், பெரும்பாலும் டென்னிஸ் பந்தைக் கொண்டு 8 முதல் 12 ஓவர் அளவில் ஆடப்படுவது. அதற்கு நிலையான மைதானமோ பயிற்சியாளரோ ஊதியம் பெறும் நடுவரோ இருப்பதில்லை. இரண்டு ஊர் இளைஞர்கள் தமக்குள் பேசி நாளும் இடமும் குறித்துக்கொண்டு தாமே ஆடி, தாமே தீர்ப்புச் சொல்லி, தாமே கணக்கு எழுதி முடிக்கும் ஆட்டம் அது. இத்தகைய ஆட்டம் பாதியில் கலைவதற்கும் பகையில் முடிவதற்கும் ஆடுவோரின் திறமைக்குறைவு காரணமாவது அரிது. முதல் பந்து வீசப்படுவதற்கு முன்பே பேசி எழுதியிருக்க வேண்டியவற்றைப் பேசாமல் விட்டதே பெரும்பாலும் காரணம். ஆகவே இவ்வத்தியாயம் மட்டைவீச்சு, பந்துவீச்சு நுணுக்கங்களைக் குறைவாகவும், ஆட்டத்திற்கு முந்தைய ஏற்பாடுகளை விரிவாகவும் எடுத்துக்கொள்கிறது.

களம்

இப்பகுதியின் ஆடுகளங்கள் பருவத்திற்கேற்ப இடம் மாறுபவை. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் ஏரிகளை நிரப்பிவிடுவதால், ஏரியின் உள்வாய், அதாவது கரைக்கு உட்பட்ட நீர்ப்பிடிப்பு நிலம், பங்குனி சித்திரையில் நீர் வற்றிய பிறகே ஆடுவதற்கு உகந்ததாகிறது. வயல்களோ சம்பா, நவரை, சொர்ணவாரி என்னும் மூன்று நெற்பட்டங்களுக்கு இடையே, ஒன்றின் அறுவடைக்கும் அடுத்ததன் உழவுக்கும் நடுவில் சில வாரங்கள் மட்டுமே வெறுமையாகக் கிடக்கும். எனவே ஓர் அணி தனக்கென மேட்டுநிலக் களம் ஒன்றையும் ஏரிக்களம் ஒன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு, எந்த மாதத்தில் எதில் ஆடுவது என்பதைத் தை மாதத்திலேயே திட்டமிடுவது நல்லது.

இடம் யாருடையது என்பதை அறிந்து அனுமதி பெறுவது அடுத்த வேலை. பள்ளித் திடலுக்குத் தலைமையாசிரியரிடமும், மேய்க்கால் புறம்போக்கு எனப்படும் ஊர்ப்பொது மேய்ச்சல் நிலத்திற்கு ஊராட்சித் தலைவரிடமும், வயலுக்கு அதன் உரிமையாளரிடமும் பயிரிடுபவர் வேறொருவராயின் அவரிடமும் சொல்லியாக வேண்டும். தொழிற்பேட்டையில் கட்டடம் எழாத மனைகள் வேலியின்றிக் கிடந்தாலும் அவை சிப்காட்டுக்கோ மனை பெற்ற நிறுவனத்துக்கோ உரியவை என்பதால், காலியாக இருப்பதையே அனுமதியாகக் கொள்ளலாகாது. மேய்ச்சல் நிலத்தில் ஆடு மாடு மேய்ப்பவரின் உரிமை ஆட்டக்காரரின் உரிமைக்கு முற்பட்டது. மந்தை கடந்து செல்லும் வரை ஆட்டத்தை நிறுத்தி வைப்பதை அணியின் வழக்கமாகவே ஆக்கிக்கொள்ள வேண்டும்.

வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்களிலிருந்து புறப்படும் உயரழுத்த மின்கம்பிகள் இவ்வட்டாரத்தின் வயல்வெளிகளைக் கடந்து செல்வதால், கம்பிகளுக்கு நேர்கீழே களம் அமைப்பதைத் தவிர்க்க வேண்டும். பந்து மின்கோபுரத்தில் சிக்கினால் அதைக் கைவிட்டுவிடுவதே முறை. கழியால் தட்டுவதற்கோ கோபுரத்தில் ஏறுவதற்கோ எந்த நிலையிலும் ஒருவரையும் விடக் கூடாது. பயன்பாட்டில் இல்லாத கிணறும் செங்கல் சூளைக்காக மண் எடுத்த பள்ளமும் எல்லைக்கோட்டுக்கு அருகில் இருந்தால், ஓடிவரும் தடுப்பாளர் பந்தின் மீதே கண் வைத்திருப்பார் என்பதை நினைவிற்கொண்டு, அந்தப் பக்கத்தின் எல்லையைக் குறுக்கிவிட வேண்டும்.

ஆடுதளம், அதாவது பேச்சுவழக்கில் பிட்ச் எனப்படும் நடுப்பகுதி, வடக்கு தெற்காக அமைய வேண்டும். கிழக்கு மேற்காக அமைந்தால் காலையிலும் மாலையிலும் ஒரு முனையில் நிற்பவரின் கண்ணில் வெயில் நேராக விழும். இரு முனை ஸ்டம்புகளுக்கு இடையிலான தொலைவு 22 கெஜம், அதாவது 20.12 மீட்டர். இதைக் காலடியால் அளக்கும் பழக்கம் பரவலாக இருந்தாலும், நெட்டையானவரின் 22 எட்டும் குட்டையானவரின் 22 எட்டும் ஒன்றல்ல என்பதால், நைலான் கயிறு ஒன்றை நிலையாக வைத்துக்கொள்வது சிறந்தது. கயிற்றின் தொடக்கத்தில் ஒரு முடிச்சு, 1.22 மீட்டரில் ஒன்று, 18.90 மீட்டரில் ஒன்று, 20.12 மீட்டரில் ஒன்று என நான்கு முடிச்சுகள் இட்டுக்கொண்டால், முதலும் கடைசியும் ஸ்டம்பு நடும் இடங்களையும், நடுவிலுள்ள இரண்டும் மட்டையாளர் மட்டையை ஊன்ற வேண்டிய கிரீஸ் கோடுகளையும் காட்டிவிடும். கோடு ஆடுதளத்திற்குச் செங்குத்தாக அமைவதற்கு, ஊர்க் கொத்தனார் அடித்தளம் போடும்போது செய்வதைப் போல 3, 4, 5 அடிப் பக்கங்கள் கொண்ட முக்கோணத்தைக் கயிற்றால் அமைத்துச் சரிபார்க்கலாம்.

ஏரி உள்வாயின் களிமண் காயும்போது பாளம் பாளமாக வெடித்துவிடும். வெடிப்பில் கால் மாட்டினால் கணுக்கால் பிசகும். பந்தும் அதில் பட்டுக் கோணலாக எழும்பும். முந்தைய நாள் மாலையிலேயே வெடிப்புகளில் பொடிமண் நிரப்பி, நீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்துச் சமன் செய்துவிட்டால் இரவில் இறுகிவிடும். இதற்கான மண்ணை ஏரிக்கரையிலிருந்து மட்டும் எடுக்கவே கூடாது, ஏனெனில் கரை ஊரின் பாதுகாப்பு. களம் முழுவதையும் ஒருமுறை வரிசையாக நடந்து சீமைக்கருவேல முள், உடைந்த கண்ணாடிப் புட்டி, ஆலைக்கழிவாக வந்து விழும் இரும்புச் சீவல் ஆகியவற்றைப் பொறுக்குவதும் அன்று மாலையே முடிய வேண்டும். வெறுங்காலோடு ஆடுபவர் இன்றும் ஒவ்வோர் அணியிலும் உண்டு.

பந்தும் மட்டையும்

டென்னிஸ் ஆட்டத்திற்குரிய பந்தின் எடை 56 முதல் 59.4 கிராம் வரை. கிரிக்கெட்டின் தோல் பந்தோ ஏறத்தாழ 156 முதல் 163 கிராம் வரை. காஸ்கோ, நிவியா, விக்கி முதலிய பெயர்களில் கிரிக்கெட்டுக்கெனவே விற்கப்படும் டென்னிஸ் பந்துகளில் லைட், ஹெவி என இரு வகை உண்டு. ஹெவி வகையில் ரப்பர் தடிப்பாக இருப்பதால் அது வேகமாக வரும், பட்டால் வலிக்கும். எந்த வகை, எந்த நிறுவனத்துப் பந்து, ஓர் இன்னிங்ஸுக்கு எத்தனை என்பவை எழுத்தில் இருக்க வேண்டும்.

இலேசான பந்து காற்றில் விரைவில் வேகம் இழந்து, தரையில் பட்டதும் உயரமாக எழும்புவதால், நடுத்தர நீளத்தில் வீசப்படும் பந்து இடுப்புயரத்தில் வந்து மட்டையாளருக்கு எளிதாகிவிடுகிறது. எனவே மட்டையின் அடியில் நேராக இறங்கும் யார்க்கர் பந்தே இவ்வகை ஆட்டத்தில் வீச்சாளரின் முதன்மையான ஆயுதம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன் டென்னிஸ் பந்து ஆட்டங்களில் பழகிய யார்க்கரைக் கொண்டே 2020ஆம் ஆண்டு இந்திய அணிவரை சென்றார் என்பதும், 2023இல் தம் ஊரிலேயே ஒரு மைதானத்தை அமைத்தார் என்பதும் கிராம அணிகள் அறிந்து பெருமைப்படத்தக்க செய்திகள். மட்டையைப் பொறுத்தவரை, பின்புறம் குடைந்து எடை குறைக்கப்பட்ட காஷ்மீர் வில்லோ மட்டை போதுமானது. இலேசான பந்துக்கு மட்டையின் பளுவைவிட வீசும் வேகமே பயன்தரும். மட்டை, ஸ்டம்பு வாங்கப் பணம் இல்லாத அணிகள், 2024இல் தொடங்கப்பட்ட கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டத்தில் தம் ஊராட்சிக்கு வந்த பொருள்களைப் பற்றி ஊராட்சி அலுவலகத்தில் கேட்டறியலாம்.

ஆட்களும் ஷிப்டும்

தொழிற்பேட்டை ஊர்களில் அணித்தலைவரின் கடினமான பணி பதினொருவரைத் திரட்டுவதுதான். தொழிற்சாலைகள் சட்டம், 1948, தன் 52ஆம் பிரிவில் ஞாயிற்றுக்கிழமையை வார விடுமுறையாகக் கொண்டாலும், அதற்கு முன்னோ பின்னோ உள்ள மூன்று நாள்களுள் ஒன்றை மாற்று விடுமுறையாகத் தந்து ஞாயிறன்று வேலை வாங்க இடமளித்தது. உருக்கு உலைகளும் உருட்டாலைகளும் இரவு பகலாக இயங்கும் இப்பகுதியில் எல்லாருக்கும் ஒரே நாளில் ஓய்வு கிடைப்பதில்லை. பல ஆலைகளில் காலை 6 முதல் பிற்பகல் 2 வரை ஏ ஷிப்ட், அதிலிருந்து இரவு 10 வரை பி ஷிப்ட், அதிலிருந்து மறுநாள் காலை 6 வரை சி ஷிப்ட் எனப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஞாயிறன்று ஏ ஷிப்டில் இருப்பவர் காலை ஆட்டத்திற்கு வர இயலாது. பி ஷிப்டில் இருப்பவர் வரலாம், ஆயினும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க நண்பகலுக்குள் புறப்பட்டாக வேண்டும். சனி இரவு சி ஷிப்ட் முடித்தவரோ உறங்காத கண்ணோடு நேராகக் களத்திற்கு வருவார்.

ஆகவே தலைவர் வியாழக்கிழமைக்குள் ஒவ்வொருவரின் ஷிப்டையும் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதற்கேற்ப ஆட்டநேரத்தைக் காலை 6.30 என்றோ பிற்பகல் 3 என்றோ எதிரணியுடன் பேச வேண்டும். கிரிக்கெட் விதிகளை வகுக்கும் லண்டன் எம்.சி.சி. மன்றத்தின் முதல் விதி, இரு அணிகளும் ஒப்புக்கொண்டால் பதினொருவருக்கு அதிகமானோரையும் அணியில் சேர்க்கலாம், ஒரே நேரத்தில் தடுப்பில் நிற்போர் மட்டும் பதினொருவரைத் தாண்டக் கூடாது என்கிறது. அதன்படி 13 பெயர்களை அறிவித்துக்கொண்டால், பாதியில் புறப்படுபவருக்குப் பதிலாள் தேடும் சங்கடம் எழாது. இரு அணிக்கும் ஆள் குறைந்தால், காமன் என்று அழைக்கப்படும் பொதுத் தடுப்பாளரை இரு பக்கத்திற்கும் நிறுத்தும் வழக்கமும் உண்டு. அவர் பிடிக்கும் கேட்ச் செல்லுமா என்பதை முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

இரவு வேலை முடித்து வந்தவரை முதல் இன்னிங்ஸில் நிழலில் படுக்கவிட்டு, பின்னர் வட்டத்துக்குள் தடுப்பில் நிறுத்துவது தகும். வேகப்பந்து வீசவோ, ஆட்டம் முடிந்ததும் தனியே வண்டி ஓட்டிக்கொண்டு கொல்கத்தா நெடுஞ்சாலையில் போகவோ அவரை விடக் கூடாது. ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவருக்கு விடுப்பு என்பது அன்றைய கூலி போவது. எத்தனை சிறந்த ஆட்டக்காரராயினும் ஆட்டத்திற்காகச் சம்பளத்தை விடச் சொல்வது முறையன்று என்பதில் அணித்தலைவர் உறுதியாக இருக்க வேண்டும்.

அணியில் யாரைச் சேர்ப்பது என்ற வினா திறமையோடு மட்டும் நிற்பதில்லை. ஊருக்கு ஓர் அணி, காலனிக்கு ஓர் அணி எனச் சாதியால் பிரிந்து நிற்பதும், காலனியின் நல்ல ஆட்டக்காரர் ஊர் அணியில் இடம் பெறாமல் வெளியே நிற்பதும் தமிழகக் கிராமக் கிரிக்கெட்டின் உண்மைகள். தமிழரசன் பச்சமுத்து இயக்கிய லப்பர் பந்து என்னும் திரைப்படம் 2024இல் இதையே கதைப்பொருளாக்கியது. ஒரே ஆலையில் ஒரே உலைமுன் அருகருகே வேலை செய்பவர்கள் ஞாயிறன்று இரண்டாகப் பிரிந்து நிற்பதை ஓர் அணி ஏற்கலாகாது. இதைச் சரிசெய்ய நல்லெண்ணம் மட்டும் போதாது, நடைமுறை வேண்டும்: பயிற்சி நடக்கும் இடம் இரு குடியிருப்புக்கும் பொதுவான இடமாக இருத்தல், அணிப்பணத்தை வைத்திருப்பவரும் தலைவரும் ஒரே தெருவினராக இல்லாதிருத்தல், குடிநீர்க் குடமும் குவளையும் அனைவருக்கும் ஒன்றாக இருத்தல் ஆகியவை கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள். ஒடிசா, பீகார், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்து லைன் வீடுகளில் தங்கி வேலை செய்யும் இளைஞர்களுள் நன்கு ஆடுவோர் பலர். அவர்களுக்கு ஆட்டநேரம் சொல்லியனுப்பும் ஒருவரை அணியில் நியமித்தாலே போதும். மாநில எல்லையை ஒட்டிய ஆரம்பாக்கம், எளாவூர்ப் பகுதிகளில் களத்தில் தெலுங்கும் தமிழும் கலந்தே ஒலிக்கும், அதனால் எந்த இடையூறும் நேர்ந்ததில்லை.

விதி உடன்பாடு

ஆட்டத்திற்கு முன் இரு தலைவர்களும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட வேண்டியவற்றுள் முதலாவது ஓவர் எண்ணிக்கையும் ஒருவர் வீசத்தக்க உச்ச அளவும். பத்து ஓவர் ஆட்டத்தில் ஒருவருக்கு 2 ஓவர் என்பது தெளிவு. பன்னிரண்டு ஓவராயின் ஐந்தில் ஒரு பங்கு முழு எண்ணாக வராததால், எத்தனை பேர் 3 ஓவர் வீசலாம் என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். காலில் பட்டு விக்கெட்டை மறைக்கும் எல்பிடபிள்யூ முறையைக் கிராம ஆட்டங்களில் விலக்கிவைப்பதே அறிவுடைமை, ஏனெனில் மட்டைவீசும் அணியின் ஆளே நடுவராக நிற்கும் இடத்தில் அத்தீர்ப்பை எவரும் நம்புவதில்லை. அதற்கு மாறாக, தரையில் படாமல் மட்டையாளரின் இடுப்புக்கு மேலே வரும் பந்து நோபால் என்ற விதியை எந்தச் சலுகையுமின்றிப் பின்பற்ற வேண்டும். நோபாலுக்கு அடுத்த பந்தில் ஃப்ரீ ஹிட் தருவது எம்.சி.சி. விதிகளில் இல்லாதது, தொலைக்காட்சியில் கண்டு பழகியது. வேண்டுமா வேண்டாமா என்று எழுதிவிட்டால் போதும்.

கேட்ச் ஆனதும் புதிதாக வரும் மட்டையாளரே அடுத்த பந்தைச் சந்திக்க வேண்டும் என்று 2022 அக்டோபர் முதல் விதி மாறிவிட்டது. ஆயினும் இருவரும் குறுக்கே கடந்திருந்தால் மறுமுனை ஆட்டக்காரர் சந்திப்பது என்னும் பழைய முறையில் ஆடும் ஊர்கள் இன்னும் இருப்பதால், இதுவும் தாளில் இடம்பெற வேண்டும். மாங்கா அடித்தல் என்று இளைஞர்கள் சொல்லும் எறிவீச்சு, அதாவது தோள்மட்டத்திற்கு வந்த கையின் முழங்கையை மடித்து நிமிர்த்திக் கல் எறிவதுபோல் வீசுவது, பெரும்பாலான தகராறுகளின் தொடக்கப்புள்ளி. ஐயத்திற்குரிய வீச்சாளர் எவரேனும் இருந்தால், டாஸுக்கு முன் இரு தலைவர்களும் நின்று அவர் வீசும் மூன்று பந்துகளைப் பார்த்து முடிவு செய்துவிட வேண்டும். ஆட்டத்தின் நடுவில் அந்த வினாவை எழுப்ப இடமில்லை என்றும் எழுதிக்கொள்ள வேண்டும்.

நடுவராக மூன்றாவது ஊர்க்காரர் இருவர் கிடைப்பது பெரும்பேறு. அவர்களுக்குச் சிற்றுண்டியும் வண்டிக்குப் பெட்ரோலும் தந்து அழைப்பது வீண்செலவன்று. தீர்ப்பைக் குறித்துக் கேட்க வேண்டியிருந்தால் அணித்தலைவர் ஒருவர் மட்டுமே சென்று கேட்க வேண்டும். வயதில் மூத்த நடுவரை அண்ணா என்று விளித்துப் பேசும் மரபை வாக்குவாதத்திலும் கைவிடாத அணிக்கு மறுமுறையும் நடுவர் கிடைப்பார். காற்றில் பெயில்ஸ் விழுந்துகொண்டே இருந்தால் அவற்றை எடுத்துவிட்டு ஆடலாம். அப்போது பந்து ஸ்டம்பில் பட்டதா என்பதில் நடுவரின் சொல்லே முடிவு. ஸ்கோரைக் கிரிக்ஹீரோஸ் செயலியில் பதிந்தாலும், கைப்பேசியின் மின்சேமிப்பு தீரக்கூடும் என்பதால், நோட்டுப் புத்தகத்திலும் ஒருவர் எழுத வேண்டும். ஒவ்வோர் ஓவர் முடிவிலும் இரு அணியின் கணக்கரும் எண்ணிக்கையை உரக்கச் சொல்லி ஒத்துப்பார்த்தால் கடைசி ஓவரில் குழப்பம் வராது.

பெட் மேட்ச், அதாவது இரு அணியும் பணம் வைத்து வென்றவர் அனைத்தையும் எடுத்துக்கொள்ளும் ஆட்டம், பலவிடத்து வழக்கம். பந்துச்செலவை இரு அணியும் பாதியாகப் பகிர்வதைத் தாண்டிப் பணம் புகுந்தால் நடுவரின் ஒவ்வொரு சொல்லும் விலையாகிவிடுகிறது. அதை இந்நூல் பரிந்துரைக்கவில்லை.

ஆட்ட நாள்

டாஸ் வென்றவர் முதலில் காற்றைப் பார்க்க வேண்டும். ஆனி ஆடியில் முற்பகலில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும். பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து வரும் கடற்காற்று கோடையின் பிற்பகலில் அதைத் திருப்பிவிடும். தெற்கு முனையில் நின்று ஆடும் வலக்கை மட்டையாளருக்கு லெக் பக்கம் மேற்கே அமைவதால், கடற்காற்று வீசும்போது அவர் சுற்றியடிக்கும் பந்து எளிதில் எல்லையைத் தாண்டும். எனவே அந்நேரத்தில் வடக்கு முனையிலிருந்து வீசும் பொறுப்பைச் சிறந்த யார்க்கர் வீச்சாளருக்கே தர வேண்டும். மேற்குக் காற்றில் இது தலைகீழாகும். தை மாசிக் காலையில் பனி காயும் முன் தொடங்கினால் பந்தின் மேல்ரோமம் நனைந்து பளுவாகி வழுக்கிக்கொண்டு செல்லும். அத்தகைய காலையில் இரண்டாவதாக மட்டை பிடிப்பது பயன்தரும்.

கத்திரி வெயிலில் காலை 10 மணிக்கு மேல் ஆடாதிருப்பது நல்லது. உப்பிட்ட நீர்மோரும் குடிநீரும் மூன்று ஓவருக்கு ஒருமுறை தடுப்பாளர்களிடம் செல்ல வேண்டும். தலைசுற்றி உடல் கொதித்து வியர்வை நின்றுபோனவரை நிழலில் கிடத்தி நீரால் நனைத்து, 108 ஊர்தியை அழைக்க வேண்டும். புதரில் பந்து தேடும்போது கையை நுழைக்காமல் கழியால் விலக்கிப் பார்ப்பதும், பாம்பு கடித்தால் கீறாமல், இறுகக் கட்டாமல், கடிபட்டவரை நடக்க விடாமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதும் அணியிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியவை. டென்னிஸ் பந்தை விட்டு ஸ்டிச் பால் எனப்படும் தைத்த தோல் பந்துக்கு மாற விரும்பும் அணி, தலைக்கவசமும் கால்காப்பும் இடைக்காப்பும் வாங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

ஆட்டத்திற்குப் பின்

ஆட்டம் முடிந்ததும் செய்ய வேண்டியவை சில: களத்தில் கிடக்கும் தண்ணீர்ப் பாக்கெட்டுகளைத் திரட்டுவது, வயலாயின் ஸ்டம்புக் குழிகளை மூடுவது, அன்றைய வரவு செலவைக் களத்திலேயே அனைவர் முன்பும் படித்துவிடுவது. மறு ஆட்டத்திற்கான நாளையும் எதிரணி கலையும் முன்பே குறித்துவிட வேண்டும். வாரந்தோறும் ஷிப்ட் சுழலும் ஆலையில் ஒருவர் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பழைய ஷிப்டுக்கே திரும்புவதால், மறு ஆட்டத்தை மூன்றாவது அல்லது ஆறாவது ஞாயிறன்று வைத்தால் இரு பக்கமும் ஏறத்தாழ அதே ஆட்களே கூடுவர். வார விடுமுறை ஞாயிறிலிருந்து வேறு நாளுக்கு மாறக்கூடியவர்களின் பெயர்களை மட்டும் தனியே குறித்துக்கொண்டு, அந்த வார வியாழனன்று மீண்டும் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.